கலியனின் மவுத் ஆர்கனும் என் மகனின் வால்வுப் பெட்டியும்

1

கனடாவில் வந்து இறங்கி இருபத்திரண்டு வருடம் முடிந்த அன்று என் மனைவி தேன்மொழி சேமியா பாயசம் வைத்தாள். ஒவ்வொரு வருடமும் வைப்பாள். முன்பெல்லாம் மூன்று கிண்ணம், இப்போது இரண்டு. எங்கள் மகன் நவீன் வேலை கிடைத்து வான்கூவர் போய்விட்டான். ஒரே நாடு என்றுதான் பெயர், விமானத்திலேயே ஐந்து மணி நேரம் ஆகிறது.

நாங்கள் இருப்பது ஹாமில்டனில். இங்கே ஓர் ஆஸ்பத்திரியில் எனக்குப் பராமரிப்பு வேலை. விளக்கு மாற்றுவதிலிருந்து கட்டில் மோட்டார் பழுதுபார்ப்பது வரை எல்லாம் உண்டு. என் பெயர் பாஸ்கர் என்று அங்கே யாருக்கும் தெரியாது. வந்த புதிதில் ஒரு படிவத்தில் முதல் பெயர், கடைசிப் பெயர் என்று இரண்டு கட்டம் இருந்தது. கடைசிக் கட்டத்தில் அப்பா பெயரை எழுதினேன். அன்றிலிருந்து நான் ஆறுமுகம். யாராவது "குட் மார்னிங் ஆறுமுகம்" என்றால், அப்பா பின்னால் வந்து நிற்கிறாரோ என்று முதல் சில வருடங்கள் திரும்பிப் பார்த்திருக்கிறேன்.

அன்று சனிக்கிழமை. பாயசம் குடித்துவிட்டு பேஸ்மென்ட்டுக்கு இறங்கினேன். நவீன் எடுத்துப் போகாத சாமான்களை ஒழுங்குபடுத்தச் சொல்லி தேன்மொழி ஒரு மாதமாக நச்சரித்துக்கொண்டிருந்தாள். பனிச்சறுக்குப் பலகைகளுக்குப் பின்னால் ஒரு பெட்டி இருந்தது. சின்ன சூட்கேஸ் அளவு, கறுப்பு ரெக்சின் உறை, முன்பக்கம் பழுப்புத் துணி. அவன் கல்லூரிக் காலத்தில் யாரிடமோ பழசாக வாங்கிய கிட்டார் ஆம்ப்ளிஃபயர். அவன் இதை வைத்து மேலே தன் அறையில் கிட்டார் வாசித்த நாட்களில் நான் ஒருமுறைகூட உள்ளே போய்ப் பார்த்ததில்லை. சத்தத்தைக் குறை என்று கீழிருந்து கத்தியதோடு சரி.

பின்பக்கத்தைத் திருப்பினேன். உள்ளே, பழைய ரேடியோக்களில் இருக்கும் கண்ணாடிக் குழாய் வால்வுகள் இருந்தன. பிளக்கைச் சொருகி ஸ்விட்சைப் போட்டதும், கொஞ்ச நேரம் கழித்து ஒவ்வொன்றும் உள்ளுக்குள் ஆரஞ்சு நிறத்தில் கனிய ஆரம்பித்தது. நான் ஒரு ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்துவிட்டேன். கடலூர் ஓ.டி. என்கிற பழைய டவுனில், சம்சுதீன் பாய் மைக் செட் கடையில் பதினொரு வருடம் நான் இந்த வெளிச்சத்தில்தான் வேலை பார்த்தேன்.

அப்படி உட்கார்ந்திருந்தபோதுதான் சிதம்பரத்திலிருந்து கலியன் போன் செய்தான்.

2

அவன் முழுப்பெயர் கலியபெருமாள். கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் இடையே ஓடிய ஒரு தனியார் பஸ்ஸில் கண்டக்டர். பஸ் ஓ.டி.யில் நிற்கும்போதெல்லாம் இறங்கி எதிரே இருந்த பாய் கடைக்கு வந்துவிடுவான். தோளில் டிக்கெட் பை, வாயில் விசில், சட்டைப் பையில் மவுத் ஆர்கன். டிரைவர் ஹாரன் அடிக்கும்வரை வாசிப்பான். கடைக்கு வந்தவர்கள் கொண்டுவந்த ரேடியோவை மறந்து நின்று கேட்பார்கள். நான் சாலிடரிங் அயர்னைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்ட நாட்கள் உண்டு.

எங்களுக்குள் உறவுமுறை எதுவும் கிடையாது. ஆனாலும் பழகிய முதல் வாரத்திலிருந்தே மச்சான்தான்.

சிதம்பரத்தில் ஒரு மெல்லிசைக் குழுவில் அவனைச் சேர்த்துக்கொண்டார்கள். அங்கேதான் சிக்கல் வந்தது. மவுத் ஆர்கன் சத்தம் சன்னமானது. டிரம்ஸ், கீபோர்டுக்கு நடுவே அது கேட்க வேண்டுமென்றால் மைக்கை ஏற்ற வேண்டும். ஏற்றினால் ஸ்பீக்கரிலிருந்து வரும் சத்தமே திரும்ப மைக்குக்குள் போய், 'கூ' என்று ஊளையிட ஆரம்பித்துவிடும்.

"பாஸ்கரு, ஒரு வழி பண்ணுடா. நான் வாசிச்சா முன்வரிசைல இருக்கறவனுக்கே கேக்கல. ஏத்துனா நாய் ஊளையிடுது" என்றான்.

பாய் குடோனில் ஒரு பழைய கிட்டார் ஆம்ப்ளிஃபயர் கிடந்தது. யாரோ பழுதுபார்க்கக் கொடுத்துவிட்டுத் திரும்ப வராத பெட்டி. பாயிடம் கேட்டுவிட்டு அதைத் திறந்தேன். கிட்டார்க் கம்பியில் பிறக்கும் சமிக்ஞை மிகவும் மெலிசு, அதனால் அந்தப் பெட்டியின் முதல் வால்வு எதையும் பல மடங்கு பெருக்கிவிடும். மவுத் ஆர்கனை மைக்கோடு சேர்த்துக் கைக்குள் பொத்தி ஊதினால் அவ்வளவு பெருக்கம் தேவையே இல்லை. முதல் வால்வை எடுத்துவிட்டு, அதே கால்கள் கொண்ட, ஆனால் பெருக்கம் குறைந்த வால்வைப் போட்டேன். கீச்சென்ற மேல்சத்தத்தைத் தூக்கிக் கொடுக்கும் ஒரு சின்ன கெபாசிட்டரை வெட்டினேன். அடிச்சத்தம் தாராளமாக வரும்படி இன்னொன்றைப் பெரிதாக மாற்றினேன். அதன்பிறகும் வால்யூமை ஓர் அளவுக்கு மேல் திருப்பினால் ஊளைதான். அதனால் தேன்மொழியின் நகப்பூச்சால் அந்த இடத்தில் சிவப்பாக ஒரு கோடு போட்டேன்.

"இந்தக் கோட்டத் தாண்டாத மச்சான். தாண்டுனா நான் பொறுப்பில்ல."

"நீ கிழிச்ச கோட்ட நான் இன்னாத்துக்குத் தாண்டப்போறேன்?" என்று சிரித்தான்.

இரண்டு வருடம் அந்தப் பெட்டியோடு அவன் போகாத மேடை இல்லை. பண்ருட்டி, பரங்கிப்பேட்டை, காட்டுமன்னார்கோயில் என்று பஸ் வேலை போக மீதி நேரமெல்லாம் கச்சேரிதான். முக்கால்வாசிக் கச்சேரிக்கு நானும் கூடப் போவேன். அவன் மேடையில், நான் பெட்டிக்குப் பின்னால்.

3

கனடா விஷயம் கூடிவந்தபோது தேன்மொழி ஒரே ஒரு நிபந்தனை போட்டாள். "பாஸ்போர்ட்ல முத்திர குத்துற வரைக்கும் யார்கிட்டயும் மூச்சு விடாதீங்க. கண்ணு பட்டுடும்." அதனால் எதற்குச் சென்னை போனாலும், ரிச்சி தெருவுக்கு ஸ்பேர் வாங்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போவேன். மருத்துவப் பரிசோதனைக்குப் போனது அப்படித்தான். பிறப்புச் சான்றிதழில் ஒரு எழுத்து தவறாக இருந்ததற்காக மூன்று முறை அலைந்ததும் அப்படித்தான். பாயிடம் மட்டும் சொல்ல வேண்டியிருந்தது. கடைக்கு வேறு ஆள் பார்க்க வேண்டுமே. "யார்கிட்டயும் சொல்லிடாதீங்க பாய்" என்றேன். கலியனையும் சேர்த்துத்தான் சொன்னேன் என்பது, பாவம், பாய்க்குத் தோன்றியிருக்காது.

கடைசியாக விசா வாங்கிக்கொண்டு திரும்பிய காலையில், சிதம்பரத்தில் ஒரு மண்டபத்தில் காதுகுத்து விழா. கலியனின் குழு வாசிக்கிறது. அதற்கு இரண்டு நாள் முன்பு ஆம்ப்ளிஃபயரில் முதல் வால்வு போய்விட்டது. சென்னையிலிருந்து வாங்கி வருவதாகச் சொல்லியிருந்தேன். விசா அலுவலகத்தில் நின்ற வரிசையில் அது சுத்தமாக மறந்துபோனது. கடைக்கு வந்து, கையில் இருந்த சாதாரண வால்வையே சொருகி, "இன்னிக்கு ஒரு நாள் சமாளி. கோட்டுக்குக் கீழயே வெச்சிக்க" என்று சொல்லி அனுப்பினேன். நானும் பின்னாலேயே அடுத்த பஸ்ஸில் போனேன்.

நான் மண்டபத்துக்குள் நுழையும்போது இரண்டாவது பாட்டு. பெட்டி அலறியது. வாசலில் நின்ற எனக்கே பல் கூசியது. காது குத்திய குழந்தை ஏற்கெனவே அழுதுகொண்டிருந்தது, இந்தச் சத்தத்தில் மண்டபத்திலிருந்த அத்தனை குழந்தைகளும் சேர்ந்துகொண்டன. சாப்பாட்டுப் பந்தியிலிருந்து யாரோ ஒருவர் எச்சில் கையோடு எழுந்து வந்து, "ஏய், அந்தச் சனியன மொதல்ல நிறுத்துய்யா" என்று கத்தினார். சிலர் சிரித்தார்கள். நான் மேடைக்கு ஓடிப் பிளக்கைப் பிடுங்குவதற்குள், கலியன் மவுத் ஆர்கனைத் துடைத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு பின்பக்கப் படியில் இறங்கிப் போயிருந்தான்.

அதற்குப் பிறகு அவன் மேடை ஏறவில்லை. பஸ்ஸிலும் வாசிக்கவில்லை என்று பிறகு கேள்விப்பட்டேன்.

மூன்று வாரத்தில் நாங்கள் கிளம்பினோம். கடலூர் பஸ் ஸ்டாண்டுக்கு வந்தான். நவீனுக்கு அப்போது இரண்டு வயது, அவனைத் தூக்கிவைத்துக்கொண்டு பஸ் கிளம்பும்வரை நின்றான். ஆம்ப்ளிஃபயரைப் பற்றி அவனும் பேசவில்லை, நானும் பேசவில்லை. என் அரைகுறை வேலையால் அவன் வாசிப்பு நின்றுபோனது என்ற எண்ணம் மட்டும் என்னோடு விமானம் ஏறியது. இங்கே எத்தனையோ ராத்திரி ஷிப்டுகளில் அந்த அலறல் காதுக்குள் கேட்டிருக்கிறது.

4

இத்தனை வருடத்தில் பொங்கலுக்கும் தீபாவளிக்கும் பேசிக்கொள்வோம். கொரோனா சமயத்தில் அவன் நுரையீரல் கெட்டு, சிதம்பரத்தில் இருபது நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தான். பிழைத்தான். ஆனால் மாடிப்படி ஏறினால் பாதியில் நிற்க வேண்டும். கண்டக்டர் வேலையும் போயிற்று. மூச்சுப் பயிற்சி சொல்லிக்கொடுத்த பெண்தான் ஒருநாள், பலூன் ஊதுங்கள், இல்லையென்றால் மவுத் ஆர்கன் ஊதுங்கள் என்று சொல்லியிருக்கிறாள். பீரோவின் அடியிலிருந்து அது மறுபடி வெளியே வந்தது.

அன்று போனில் சொன்னான். "அபிக்குக் கல்யாணம் மச்சான். ஆவணில. ரிசப்ஷன் நம்ம சிதம்பரத்துலயே."

அபிநயா அவனுடைய ஒரே பெண். நாங்கள் கிளம்பும்போது தவழ்ந்துகொண்டிருந்தாள்.

வாழ்த்தினேன். அவன் போனை வைக்கவில்லை. கொஞ்சம் மூச்சு வாங்கிவிட்டுப் பேசினான். "ரிசப்ஷன்ல ஒரு பாட்டு வாசிக்கலாம்னு ஆச. வீட்ல கத்துறா. மேடைல வுழுந்து கிழுந்து வெச்சேன்னா பொண்ணு வாழ்க்க இன்னாவறதுன்னு. எனக்கே தெரியுது, மூச்சு ஜாஸ்தி இல்ல. மெதுவாத்தான் ஊத முடியும். இங்க ஒரு மைக் செட்டுல வெச்சிப் பாத்தேன். நமக்குத்தான் தெரியுமே, ஏத்துனா கத்துது. சரி வுடு, சும்மா சொன்னேன்."

எனக்கு எதிரே ஐந்து வால்வும் எரிந்துகொண்டிருந்தன.

"நான் ஒரு பெட்டி கொண்டாறேன் மச்சான்" என்றேன்.

"சரி, வா" என்றான்.

பெட்டி நவீனுடையது. எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்க அவனுக்குப் போன் செய்தேன். எங்கள் பேச்சு வழக்கமாக இரண்டு நிமிடத்தில் முடிந்துவிடும். சாப்பிட்டாயா, குளிரா, அம்மாவிடம் தருகிறேன். அன்று ஒரு மணி நேரம் பேசினோம்.

"அப்பா, உங்களுக்கு டியூப் ஆம்ப் தெரியுமா?" என்றான். அவனுடைய தமிழில் ஆச்சரியமும் கேள்வியும் ஒரே ராகத்தில்தான் வரும்.

"டியூப் இல்லடா, வால்வு."

"டியூப்தான் அப்பா. பர்ஸ்ட் ஒண்ணு ட்வெல்வ் ஏ எக்ஸ் செவன்."

"அதென்னமோ தெரியாது. பாத்தா ஈசிசி எயிட்டி த்ரீ மாதிரி இருக்கு."

இரண்டு பேரும் அவரவர் பக்கத்தில் தேடிப் பார்த்தோம். ஒரே வால்வுதான். இந்தியாவில் நாங்கள் கற்றது ஐரோப்பியப் பெயர், இவன் கற்றது அமெரிக்கப் பெயர். நான் எர்த் என்றதை அவன் கிரவுண்ட் என்றான். இருபத்து நான்கு வயது மகனோடு நான் சிரித்துப் பேசிக்கொண்டிருந்ததைக் கேட்டு, தேன்மொழி படிக்கட்டில் வந்து நின்று எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள்.

அவன் அந்தப் பெட்டியின் வரைபடத்தைத் தேடி அனுப்பினான். நான் ஒவ்வொன்றாக மாற்றினேன். முதல் வால்வுக்குப் பதில் பெருக்கம் குறைந்தது. மேல்சத்தக் கெபாசிட்டர் வெட்டு. இந்த முறை கூடுதலாக ஒன்று செய்தேன். மைக் வந்து சேரும் இடத்தில் இருந்த ரெசிஸ்டரை ஐந்து மெகா ஓமாக உயர்த்தினேன். கைக்குள் பொத்தும் பழைய கிரிஸ்டல் மைக்கின் சத்தம் அப்போதுதான் உள்ளே வரும் வழியிலேயே மெலிந்துபோகாது. மெதுவாக ஊதுகிறவனுக்கு அது முக்கியம். திறப்பதற்கு முன் பெரிய கெபாசிட்டர்களில் தேங்கிய கரண்டை வடிக்கும்படி நவீன் மூன்று முறை நினைவூட்டினான். "பதினெட்டு வயசுலேர்ந்து ஷாக் வாங்குறவன்டா நான்" என்றேன். இருந்தாலும் அவன் நினைவூட்டியது பிடித்திருந்தது.

அந்த மைக்குக்காக ஒரு விளம்பரத்தைப் பார்த்துப் போனேன். ஹார்ப் மைக் என்று போட்டிருந்தது. ஹார்ப் என்றால் ஆள் உயரத்துக்கு நிற்கும் யாழ் என்றுதான் நினைத்திருந்தேன். கதவைத் திறந்த டக் என்ற ஓய்வுபெற்ற லாரி டிரைவர், நான் ஹார்ப் வாசிக்கிறேன் என்று சொல்லிச் சட்டைப் பையிலிருந்து ஒரு மவுத் ஆர்கனை எடுத்துக் காட்டினார். இங்கே அதற்கு அதுதான் செல்லப்பெயராம். எனக்கு வாசிக்கத் தெரியாது என்பதால், பெட்டியைச் சோதித்துப் பார்க்க அவரையே வீட்டுக்கு அழைத்தேன். அவர் ஊதிய ஊதில் ஜன்னல் அதிர்ந்தது.

"இப்படி இல்லை. மூச்சு இல்லாத ஒருவர் ஊதுவது மாதிரி ஊதுங்கள்" என்றேன்.

அவர் என்னை ஒரு கணம் பார்த்தார். யாருக்கு என்று கேட்டார். சொன்னேன். பிறகு கண்ணை மூடிக்கொண்டு, பேசும் குரலைவிடச் சன்னமாக ஊதினார். பெட்டியிலிருந்து கொஞ்சம் கரகரப்போடு, நிறைய அடிக்குரலோடு, அறை நிறையச் சத்தம் வந்தது. ஊளை வரவில்லை. டக் மைக்குக்குக் காசு வாங்க மறுத்துவிட்டார்.

5

அடுத்தது காகிதங்கள். விசா இல்லாமல் இந்தியா போக உதவும் என் ஓ.சி.ஐ. அட்டையில் பழைய பாஸ்போர்ட் எண். புதியதைப் பதிவேற்றப் போனால், புகைப்படத்தில் என் காது சரியாகத் தெரியவில்லை என்று இரண்டு முறை திரும்பி வந்தது. கடலூரில் பிறந்த காது, கடலூருக்குப் போக அதற்கு அத்தனை சோதனை. தேன்மொழிக்கு விடுமுறை கிடைக்கவில்லை. நான் மட்டும் கிளம்பினேன்.

வால்வுகளைக் கழற்றி ஒவ்வொன்றையும் ஒரு கம்பளிக் காலுறைக்குள் வைத்தேன். சென்னையில் சுங்க அதிகாரி பெட்டியைத் திறக்கச் சொன்னார்.

"இன்னா சார் இது, பழைய ரேடியோவா?"

"ஆம்ப்ளிஃபயர் சார். மவுத் ஆர்கன் வாசிக்க."

"மவுத் ஆர்கனுக்கா? இவ்ளோ பெருசா?" என்று பக்கத்தில் இருந்தவரையும் கூப்பிட்டார். "எங்க, வாசிங்க பாப்போம்."

"எனக்கு வாசிக்கத் தெரியாது சார்."

அவர்கள் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு காலுறையிலிருந்து ஒரு வால்வை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார் அந்த அதிகாரி. "எங்க அப்பா ரேடியோல இருந்துச்சு இது" என்று மெதுவாகத் திரும்ப வைத்துவிட்டு, போகச் சொன்னார்.

கனடாவில் கரண்ட் நூற்றிருபது வோல்ட். நம் ஊர்ப் பிளக்கில் நேராகச் சொருகினால் பெட்டி புகைந்துவிடும். சென்னையிலேயே வோல்ட்டைக் குறைக்கும் ஒரு டிரான்ஸ்ஃபார்மர் வாங்கிக்கொண்டேன். கல் மாதிரி கனம். பஸ் கடலூர் சிப்காட் தொழிற்பேட்டையைத் தாண்டி, ஆலப்பாக்கம், புதுச்சத்திரம் என்று ஒவ்வொரு நிறுத்தத்தையும் கண்டக்டர் கூவ, நான் அதை மடியில் வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டே போனேன். இந்தப் பெயர்களைக் கலியன் குரலில் கேட்டுத்தான் எனக்குப் பழக்கம். புதியவர் கூவியது எனக்குத் தப்பாகவே பட்டது.

கலியன் வீட்டு வாசலில் நின்றான். பாதியாக இளைத்திருந்தான். கட்டிக்கொண்டபோது அவன் மூச்சு என் தோளில் விசில் மாதிரிக் கேட்டது. அவன் மனைவி வசந்தா டிரான்ஸ்ஃபார்மரைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"இதெல்லாம் தேவையாண்ணே? அவுரு ஒடம்பு உங்களுக்குத் தெரியாதா?"

"ஒரே ஒரு பாட்டும்மா. உக்காந்துதான் வாசிப்பான்."

"ஏதாச்சும் ஆச்சுன்னா நான் உங்களத்தான் கேப்பேன்" என்றாள். அது விளையாட்டுப் பேச்சு இல்லை.

6

காலையில் கல்யாணம் முடிந்தது, ரிசப்ஷன் மாலை ஆறு மணிக்கு. நான் மூன்று மணிக்கே மண்டபத்துக்குப் போய்ப் பெட்டியை வைத்தேன். ஸ்விட்சைப் போட்டதும் 'ம்ம்ம்' என்று தேனீக் கூட்டம் மாதிரி ஒரு இரைச்சல். வால்யூமைக் குறைத்தாலும் போகவில்லை. மண்டபத்து மைக் செட்காரர் வந்து பார்த்தார்.

"இந்தப் பிளக்குல எர்த் இருக்கா?" என்றேன்.

"எர்த்தா? மூணு ஓட்ட இருக்கு சார். மூணாவது பேருக்குத்தான்."

மேடையில் இருந்த எல்லாப் பிளக்கும் அப்படித்தான். டெஸ்டரை எடுத்துக்கொண்டு மண்டபம் முழுக்கச் சுற்றினேன். கடைசியில் சமையல்கட்டில், மாவு ஆட்டும் பெரிய கிரைண்டரின் பிளக்கில் மட்டும் நல்ல எர்த் கிடைத்தது. தலைமைச் சமையல்காரரிடம் கேட்டேன்.

"வடைக்கு மாவு போட்ருக்கேன் சார். அத வுட்டுட்டு உங்களுக்கு லைன் குடுக்கணுமா?"

"பத்து நிமிஷம் போதும். பொண்ணோட அப்பா ஒரு பாட்டு வாசிக்கிறாரு."

அவர் கரண்டியைக் கீழே வைத்தார். "கண்டக்டர் கலியனா? மவுத் ஆர்கனா? இன்னுமா வாசிக்கிறாரு? நான் காலேஜ் கேன்டீன்ல இருந்தப்ப அவுரு பஸ்லதான் வருவேன். சரி, பத்து நிமிஷம். அதுக்கு மேல வட லேட்டாச்சுன்னா சம்பந்தி வூட்டுக்காரங்க என்னத்தான் திட்டுவாங்க."

சமையல்கட்டிலிருந்து மேடை வரை சுவரோரமாக வயரை இழுத்தேன். இரைச்சல் நின்றது.

ஏழு மணிக்குக் கலியன் மேடையின் ஓரத்தில் நாற்காலியில் உட்கார்ந்தான். நான் பெட்டியை அவனுக்கு முன்னால், கூட்டத்தைப் பார்த்துத் திருப்பி வைத்துவிட்டுப் பின்னால் நின்றேன். வசந்தா மேடைக்குக் கீழே தண்ணீர் பாட்டிலும், அவன் உறிஞ்சும் மருந்தும் கையில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தபடி நின்றாள். சமையல்கட்டில் கிரைண்டர் ஓசை அடங்கியது.

முதல் சுரம் கேட்கவே இல்லை. மைக்கை இன்னும் இறுக்கமாகப் பொத்தச் சொல்லி ஜாடை காட்டினேன். பொத்தினான். ஊதினான். அந்தக் கெட்டுப்போன நுரையீரலிலிருந்து வந்த கொஞ்சமான காற்று, பெட்டி வழியாகப் பெரிதாகி, மண்டபத்தின் கடைசி நாற்காலி வரை போனது. பழைய சினிமாப் பாட்டு ஒன்று. அவன் பஸ் நிற்கும்போது பாய் கடையில் வாசிப்பது.

பேச்சுக்குரல்கள் உடனே அடங்கிவிடவில்லை. போட்டோ எடுக்கிறவர் எடுத்துக்கொண்டுதான் இருந்தார். மெல்ல மெல்லத்தான் தலைகள் திரும்பின. பல்லவி முடிந்ததும் அவன் நிறுத்தினான். பாட்டு முடிந்துவிட்டது என்று கை தட்டினார்கள். அவன் கையை உயர்த்தி, இருங்கள் என்பதுபோல் காட்டி, நான்கு மூச்சு வாங்கினான். வசந்தா ஒரு படி ஏறிவிட்டாள். அவளைப் பார்த்து அவன் தலையசைத்தான், பிறகு சரணத்தை எடுத்தான்.

மேடை நடுவே மணமக்கள் இருக்கையிலிருந்து அபிநயா கனமான பட்டுப் புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு எழுந்து வந்தாள். மாப்பிள்ளை ஒன்றும் புரியாமல் பின்னாலேயே வந்தார். அப்பாவின் நாற்காலிக்குப் பக்கத்தில் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். இடையில் ஒருமுறை அவனுக்கு மூச்சு எட்டாமல் ஒரு சுரம் பாதியில் அறுந்தது. மீண்டும் பிடித்து, கடைசி வரிவரைக்கும் போனான்.

பெட்டி ஒருமுறைகூட அலறவில்லை.

"எப்பப்பா இதெல்லாம் கத்துக்கின?" என்றாள் அபிநயா. அவள் கேட்டதெல்லாம் மூச்சுப் பயிற்சிக்காகத் தினமும் காலையில் இழுத்து விடும் இரண்டு சுரம்தான். அது ஒரு மருந்து என்றே நினைத்திருக்கிறாள்.

"நீ தவழ்றப்பவே நிறுத்திட்டேம்மா" என்றான் கலியன். அதற்கு மேல் பேச மூச்சில்லை. வசந்தா வந்து மருந்தை அவன் வாயில் வைத்தாள். அவள் கண் கலங்கியிருந்தது. என்னை ஒன்றும் கேட்கவில்லை.

நவீனுக்கு வீடியோ அனுப்பினேன். "ஊளை வரல?" என்று கேட்டு எழுதினான். வரவில்லை என்றேன். கட்டைவிரலை உயர்த்திய படம் ஒன்று வந்தது. அதன் பிறகு பத்து நாள் அவனிடமிருந்து செய்தி இல்லை. அவன் அப்படித்தான்.

7

மறுநாள் காலை கலியன் வீட்டில் நானும் அவனும் மட்டும். வசந்தா மறுவீட்டு வேலையாகப் போயிருந்தாள். நான் பெட்டியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். இத்தனை வருடம் தொண்டையில் நின்றதை அன்று சொல்லிவிடுவது என்று தீர்மானித்திருந்தேன்.

"மச்சான், அன்னிக்குக் காதுகுத்துல நடந்தது என் தப்பு. வால்வு வாங்கிட்டு வரேன்னுட்டு மறந்துட்டேன். ஏதோ ஒண்ணச் சொருவி அனுப்பிட்டேன். உன் வாசிப்பே நின்னுபோச்சு."

கலியன் என்னை விநோதமாகப் பார்த்தான்.

"இவ்ளோ நாளா அப்படியா நெனச்சிக்கினு இருந்த?"

"பின்ன?"

"உன் பெட்டில ஒண்ணும் கொறையில்லடா. கோட்டுக்குக் கீழ வெச்சி மொதப் பாட்டு வாசிச்சேன். நல்லாத்தான் இருந்துச்சு. ரெண்டாவது பாட்டுல நான்தான் திருப்புனேன், கடைசி வரைக்கும்."

எனக்குப் புரியவில்லை. அவனே மூச்சு வாங்கிக்கொண்டு மெதுவாகச் சொன்னான்.

"அன்னிக்குக் காலைல பெட்டிய எடுக்கக் கடைக்கு வந்தேன் இல்ல? நீ உள்ள இருந்த. பாய் வாசல்ல நின்னுகினு, 'பாஸ்கரு கனடா போறானாமே, அல்லா நல்லா வெக்கட்டும், இனி உனக்கு யாருப்பா பெட்டி பாப்பா'ன்னாரு. எனக்குத் தெரியும்னு நெனச்சிக்கினு சொல்றாரு அவுரு. நான் தெரிஞ்சா மாதிரியே சிரிச்சேன். பஸ்ல போறேன், போறேன், எனக்கு ஆறவே இல்ல. எத்தன தடவ ரிச்சி தெரு, ரிச்சி தெருன்னு சொல்லிட்டுப் போன? மேடைல உக்காந்தா கையி தானா அந்தக் கோட்டுக்கு மேல போவுது. இவன் போட்ட கோட்டுக்கு நான் இன்னாத்துக்கு அடங்கணும்னு தோணுச்சு. கத்தட்டும்னு திருப்பிட்டேன்."

"அப்புறம் ஏன் வாசிக்கறத நிறுத்தின?"

"அசிங்கமாயிருச்சு. உன்மேல கோவத்துல ஒரு கொழந்த விசேஷத்தக் கெடுத்துட்டனேன்னு. அத எடுத்தாலே அந்த மண்டபம் ஞாபகத்துக்கு வந்துடும்."

வெளியே காய்கறி வண்டிக்காரர் மைக்கில் விலை சொல்லிக்கொண்டு போனார்.

"தேன்மொழி சொல்லக் கூடாதுன்னா. கண்ணு பட்டுடும்னு" என்றேன். சொல்லும்போதே அது உண்மையில்லை என்று தெரிந்தது. பாயிடம் சொன்னவன்தானே நான். "அதில்ல மச்சான். உன் மொகத்தப் பாத்துச் சொல்ல எனக்குத் தைரியம் இல்ல. சொல்லி, நீ போவாதன்னுட்டா இன்னா பண்றதுன்னு பயம்."

"சொல்லியிருப்பேன்" என்றான். "ரெண்டு நாள் சொல்லியிருப்பேன். அப்புறம் நானே வந்து பெட்டி கட்டிக் குடுத்திருப்பேன்."

நான் துடைக்கும் துணியைக் கீழே வைத்துவிட்டேன். அவன் என்னை அழவிட்டான். எழுந்து போய், பாதி வழியில் ஒருமுறை சுவரைப் பிடித்து நின்று, ஒரு சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தான்.

"எப்பக் கிளம்புற?" என்று கேட்டான்.

"வியாழக்கெழம."

"இன்னும் நாலு நாளு இருக்கு" என்று சொல்லி, மவுத் ஆர்கனை எடுத்து உள்ளங்கையில் தட்டினான்.

கடலூரில் நான் பார்த்தே ஆக வேண்டிய உறவுக்காரர்கள் வீடு ஆறு இருந்தது. அந்த நான்கு நாளும் நான் சிதம்பரத்தைவிட்டு எங்கும் போகவில்லை.